பாலியல் தொழிலாளர் உரிமைக்கு உள்ளூரில் வேலை செய்வது எப்படி? குழு சேர்ப்பதிலிருந்து சட்டத் திருத்தம் கேட்பது வரை

இந்த வழிகாட்டி இரண்டு வகை ஆட்களுக்கானது. பாலியல் தொழில் செய்துகொண்டே ‘நாமும் ஒரு சங்கமாகச் சேர்ந்தால் என்ன’ என்று யோசிக்கும் பெண்கள், திருநங்கைகள், ஆண்கள் ஒரு பக்கம். அவர்களுக்குத் துணை நிற்க விரும்பும் வழக்கறிஞர்கள், சமூகப் பணி படித்தவர்கள், தொழிற்சங்கக்காரர்கள் இன்னொரு பக்கம். இந்தியச் சட்டத்தையும் தமிழ்நாட்டு நிலவரத்தையும் மனதில் வைத்து எழுதுகிறேன்.

குற்றநீக்கம் என்றால் என்ன கேட்கிறோம் என்பதை முதலிலேயே சொல்லிவிடலாம். வயது வந்த ஒருவர் தன் சம்மதத்தோடு செய்யும் பாலியல் தொழிலையும், அவர் தங்கும் அறை, கூட இருக்கும் தோழி, வீட்டுக்கு அனுப்பும் பணம் ஆகியவற்றையும் குற்றவியல் சட்டத்தின் பிடியிலிருந்து எடுக்கச் சொல்கிறோம். ஆள் கடத்தல், மிரட்டல், அடைத்துவைத்தல், 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களைப் பயன்படுத்துதல் எல்லாம் குற்றமாகவே நீடிக்கும். எங்கே பேசப் போனாலும் முதல் இரண்டு நிமிடத்தில் இதைச் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் எதிரே இருப்பவர் மீதி நேரம் முழுக்க இதையேதான் கேட்டுக்கொண்டிருப்பார்.

சட்டத்தை மாற்றும் அதிகாரம் டெல்லியில் இருக்கிறது. ஆனால் அந்தச் சட்டத்தை வைத்து ராத்திரி பத்து மணிக்கு மிரட்டுகிறவர் உங்கள் ஊர் ஸ்டேஷனில் இருக்கிறார். அதனால் பக்கத்தில் இருப்பதிலிருந்து தொடங்கித் தூரத்துக்குப் போகும் வரிசையில் படிகளை வைத்திருக்கிறேன். பல குழுக்கள் தலைகீழாகப் போய்க் களைத்துவிடுகின்றன.

படி 1: தலைமை யார் கையில்?

கொல்கத்தாவின் சோனாகாச்சியில் 1992இல் டாக்டர் ஸ்மரஜித் ஜனா ஒரு எச்.ஐ.வி. தடுப்புத் திட்டத்தைத் தொடங்கினார். ஆணுறை கொடுப்பதும் நோய் பற்றிச் சொல்வதும்தான் திட்டம். அந்தப் பகுதிப் பெண்களையே சக கல்வியாளர்களாக வேலைக்கு எடுத்தார்கள். ரவுடியும் போலீசும் தொல்லை கொடுக்கும்வரை ஆணுறை பற்றிப் பேசிப் பிரயோஜனம் இல்லை என்பது அந்தப் பெண்கள் வழியாகத்தான் வெளியே வந்தது. 1995இல் அவர்கள் துர்பார் மகிளா சமன்வய கமிட்டி என்று தங்களுக்கே ஒரு அமைப்பை உண்டாக்கினார்கள். மகாராஷ்டிரத்தின் சாங்லியிலும் இதே பாதைதான்: முதலில் சங்ராம் என்ற தொண்டு நிறுவனம், பிறகு பெண்களே நடத்தும் வேஷ்யா அன்யாய் முக்தி பரிஷத்.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இதுதான். தொழிலில் இருப்பவர்கள் முடிவெடுக்க வேண்டும், மற்றவர்கள் எழுதிக் கொடுக்கலாம், கோர்ட்டுக்கு வரலாம், போன் பேசலாம். கூட்டத்தில் யார் அதிக நேரம் பேசுகிறார்கள் என்று கவனித்தாலே நிலைமை தெரிந்துவிடும். வக்கீலும் திட்ட மேலாளரும்தான் பேசுகிறார்கள் என்றால் அது இன்னும் சங்கமாகவில்லை.

கூடுமிடத்தை யோசித்துத் தேர்ந்தெடுங்கள். எச்.ஐ.வி. தடுப்புத் திட்டம் நடக்கும் ஊர்களில் சக கல்வியாளர்கள் ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்த முகங்கள். அந்தத் திட்ட மையத்தில் கூடினால் அக்கம்பக்கத்தில் கேள்வி எழாது. ஆனால் போலீஸ் அத்துமீறல் பற்றிய பேச்சை அரசுப் பணத்தில் ஓடும் இடத்தில் பேச எல்லோருக்கும் தைரியம் வராது. அதற்கு ஒருவர் வீடோ, தொழிற்சங்க அலுவலகமோ பார்த்துக்கொள்ளுங்கள்.

நேரம், பாஷை, இடம் என்று பிரிவுகள் இருக்கும். தெருவில் நிற்பவர், வீட்டிலிருந்து போனில் வேலை செய்பவர், லாட்ஜுக்குப் போகிறவர், திருநங்கை ஆகியோர் ஒரே பிரச்சினையைச் சந்திப்பதில்லை. குடும்பத்துக்குத் தெரியாமல் தொழில் செய்பவரிடம் ‘வெளியே வந்து பேசு’ என்று ஒருநாளும் வற்புறுத்தாதீர்கள். அவர் பெயர் எந்தக் காகிதத்திலும் இருக்கத் தேவையில்லை. கூட்டத்தில் போட்டோ கூடாது. வாட்ஸ்அப் குழுவில் உண்மைப் பெயர் வேண்டாம், செய்திகள் தானாக அழியும்படி வைத்துவிடுங்கள். பறிமுதல் செய்த போனில் முதலில் பார்ப்பது வாட்ஸ்அப்பைத்தான்.

படி 2: சட்டத்தைப் பிரிவு பிரிவாகத் தெரிந்துகொள்ளுங்கள்

போலீஸ்காரர்கள் ‘ஐ.டி.பி. ஆக்ட்’ என்று சொல்வது 1956ஆம் ஆண்டின் ஒழுக்கக்கேடான தொழில் தடுப்புச் சட்டம். ஆள் கடத்தலைத் தடுப்பதற்கான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திட்டதையொட்டி வந்தது. 1986இல் திருத்தி இன்றைய பெயரை வைத்தார்கள். வயது வந்தவர் தனியாக, தன் விருப்பத்தில், பொது இடம் அல்லாத இடத்தில் பாலியல் தொழில் செய்வது இந்தச் சட்டத்தில் குற்றமாகச் சொல்லப்படவில்லை. சுற்றியிருக்கிற எல்லாம்தான் குற்றம். குழுவில் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய பிரிவுகள் சில.

பிரிவு 2, பிரிவு 3: பாலியல் தொழில் விடுதி என்பதற்கான விளக்கத்தில், இரண்டு அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் ‘பரஸ்பர ஆதாயத்துக்காக’ பயன்படுத்தும் அறையும் அடங்கும். அதாவது இரண்டு தோழிகள் வாடகையைப் பங்கு போட்டு ஒரு வீட்டில் இருந்தால், அதுவே விடுதி நடத்துவதாகிவிடலாம். முதல் தண்டனையே ஒரு வருடத்துக்குக் குறையாத, மூன்று வருடம் வரையான கடுங்காவல். பாதுகாப்புக்காகச் சேர்ந்து இருப்பதைச் சட்டமே தண்டிக்கிறது. வீட்டு ஓனர்கள் இதைக் காரணம் காட்டித்தான் இரட்டை வாடகை கேட்கிறார்கள்.

பிரிவு 4: இன்னொருவரின் பாலியல் தொழில் வருமானத்தில் வாழும் 18 வயது கடந்த எவரும் குற்றவாளி. எழுதியவர்கள் மனதில் இருந்தது புரோக்கர். எழுத்தில் சிக்குவது வயதான அம்மாவும், காலேஜ் படிக்கும் மகனும்.

பிரிவு 7: கோயில், பள்ளி, ஆஸ்பத்திரி, ஹாஸ்டல் போன்றவற்றிலிருந்து 200 மீட்டருக்குள் தொழில் செய்தால் மூன்று மாதம் வரை சிறை. நம் ஊர்களில் 200 மீட்டருக்குள் ஒரு கோயில்கூட இல்லாத தெருவைக் கண்டுபிடித்துக் காட்டுங்கள் பார்க்கலாம்.

பிரிவு 8: பொது இடத்தில் அழைப்பது. தெருவில் நிற்பவர்கள் மீது போடப்படுவது பெரும்பாலும் இதுதான். முதல் முறை ஆறு மாதம் வரை அல்லது 500 ரூபாய் அபராதம், இரண்டாம் முறை ஒரு வருடம் வரை. இதே குற்றத்தை ஆண் செய்தால் ஏழு நாளிலிருந்து மூன்று மாதம். இந்த வித்தியாசத்தைப் பார்க்கும் யாருக்கும் சட்டத்தின் மனசு புரிந்துவிடும்.

பிரிவு 17: இதுதான் எனக்கு மிக மோசமாகப் படுவது. ‘மீட்கப்பட்ட’ பெண்ணை விசாரணை முடியும்வரை மூன்று வாரம் வரை காவலில் வைக்கலாம். அதன்பின் அவருக்குப் பராமரிப்பு தேவை என்று மாஜிஸ்திரேட் நினைத்தால் ஒன்று முதல் மூன்று வருடம் வரை காப்பகத்தில் வைக்க உத்தரவிடலாம். பிரிவு 8இல் குற்றவாளி ஆனவர் 500 ரூபாய் கட்டிவிட்டு வெளியே வரலாம். பாதிக்கப்பட்டவர் என்று பெயர் வாங்கியவர் வருடக்கணக்கில் உள்ளே இருக்கலாம். இந்த உத்தரவை எதிர்த்து செஷன்ஸ் கோர்ட்டில் மேல்முறையீடு உண்டு என்பது உள்ளே இருக்கும் பலருக்குச் சொல்லப்படுவதே இல்லை.

பிரிவு 20 ஒரு பெண்ணை ஊரை விட்டே வெளியேறச் சொல்ல மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் தருகிறது. 1964இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லும் என்றது. இது போக, தமிழ்நாட்டில் குண்டர் சட்டம் என்று நாம் சொல்லும் 1982ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலிலும் 1956 சட்டத்தின் கீழ்வரும் குற்றவாளிகள் இருக்கிறார்கள்.

இந்தப் பிரிவுகளை ஒரு பக்கத்தில், பெரிய எழுத்தில் அச்சடித்து மையத்தில் ஒட்டிவையுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு ஐந்து நிமிட வாய்ஸ் மெசேஜாக ஒருவர் பேசி அனுப்பலாம்.

படி 3: 2022 உத்தரவை உள்ளது உள்ளபடி சொல்லுங்கள்

2022 மே 19 அன்று நீதிபதிகள் எல். நாகேஸ்வர ராவ், பி.ஆர். கவாய், ஏ.எஸ். போபண்ணா அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு, புத்ததேவ் கர்மாஸ்கர் வழக்கில் ஒரு உத்தரவு போட்டது. அதன்பிறகு ‘பாலியல் தொழில் சட்டப்பூர்வமாகிவிட்டது’, ‘இனி போலீஸ் தலையிட முடியாது’ என்றெல்லாம் செய்தி பரவியது. அதை நம்பி ஸ்டேஷனில் போய்ப் பேசினால் அசிங்கப்பட்டுத் திரும்புவோம். கோர்ட்டில் பேசினால் இன்னும் மோசம்.

கதை 1999இல் கொல்கத்தாவில் ஒரு பாலியல் தொழிலாளி கொலை செய்யப்பட்டதில் தொடங்குகிறது. 2011இல் குற்றவாளியின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்த உச்ச நீதிமன்றம், பாலியல் தொழிலாளர்களின் வாழ்க்கை நிலை பற்றித் தானாகவே விசாரிக்கத் தொடங்கி, மூத்த வழக்கறிஞர் பிரதீப் கோஷ் தலைமையில் ஒரு குழு அமைத்தது. துர்பாரும் அந்தக் குழுவில் இடம்பெற்றது. அந்தக் குழுவின் பத்துப் பரிந்துரைகளில் மத்திய அரசு ஆறை ஏற்றது, நான்குக்கு ஆட்சேபம் சொன்னது. அரசமைப்பின் 142ஆம் பிரிவின்படி நீதிமன்றம் நடைமுறைப்படுத்தச் சொன்னது அந்த ஆறைத்தான்.

அந்த ஆறில் என்ன இருக்கிறது? பாலியல் வன்முறைக்கு ஆளான பாலியல் தொழிலாளிக்கு மற்ற எவருக்கும் உள்ள அதே உடனடி மருத்துவ உதவி. காப்பகங்களில் விருப்பமில்லாமல் வைக்கப்பட்டிருக்கும் வயது வந்த பெண்களைக் கணக்கெடுத்து விடுவிக்க மாநில அரசுகள் நடவடிக்கை எடுப்பது. போலீஸ் கண்ணியமாக நடந்துகொள்வது, திட்டவோ அடிக்கவோ கூடாது. ரெய்டு செய்தியில் ஊடகங்கள் அடையாளம் காட்டக் கூடாது. ஆணுறை போன்ற பாதுகாப்புப் பொருள்களைக் குற்றமாகவோ குற்றத்துக்கான ஆதாரமாகவோ கொள்ளக் கூடாது. சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் உரிமைகள் பற்றிப் பயிலரங்கு நடத்த வேண்டும்.

அரசு ஆட்சேபம் சொன்ன நான்கும்தான் நமக்கு அதிகம் வேண்டியவை என்பது வேதனை: வயது வந்தவர் சம்மதத்தோடு இருந்தால் போலீஸ் தலையிடக் கூடாது, ரெய்டில் தொழிலாளியைக் கைது செய்யக் கூடாது, கொள்கை முடிவுகளில் தொழிலாளர் பிரதிநிதிகள் வேண்டும், தாயின் தொழிலைக் காரணம் காட்டிக் குழந்தையைப் பிரிக்கக் கூடாது. இவை குழுவின் பரிந்துரைகள் என்றும், அந்த உத்தரவில் நடைமுறைப்படுத்தச் சொன்னவற்றில் சேரவில்லை என்றும் துல்லியமாகச் சொல்லிப் பழகுங்கள். தலையிடக் கூடாது என்ற வாதத்துக்கு வேறு துணை இருக்கிறது: 2020 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் காப்பகத்தில் இருந்த மூன்று இளம்பெண்களை விடுவித்தபோது, இந்தச் சட்டத்தில் பாலியல் தொழில் என்பதே குற்றம் என்று எங்கும் இல்லை என்று எழுதியது.

உத்தரவின் நகலை உச்ச நீதிமன்ற இணையதளத்திலிருந்து இறக்கி, சரியான பத்திகளில் கோடு போட்டு, பத்து நகல் எடுத்து வையுங்கள். ஒன்று இன்ஸ்பெக்டருக்கு, ஒன்று அரசு ஆஸ்பத்திரிக்கு, ஒன்று காப்பகக் கண்காணிப்பாளருக்கு. கையில் கொடுத்து ‘பெற்றுக்கொண்டேன்’ என்று கையெழுத்து வாங்குங்கள். தராவிட்டால் ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள்.

படி 4: கார்டுகளில் தொடங்குங்கள்

முதல் ஆறு மாதத்தில் ஏதாவது ஒன்று நடந்து காட்ட வேண்டும், இல்லையென்றால் கூட்டத்துக்கு வருகிறவர்கள் குறைவார்கள். அதற்கு ரேஷன் கார்டும் ஆதாரும்தான் நல்ல இடம். கொரோனா காலத்தில், 2020 செப்டம்பரில், அடையாளச் சான்று கேட்காமல் பாலியல் தொழிலாளர்களுக்கு உலர் உணவுப் பொருள் தரச் சொன்னது இதே வழக்கில் வந்த உத்தரவு. 2021 டிசம்பரில் ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை தரவும் சொன்னது. 2022 உத்தரவின்படி முகவரிச் சான்று இல்லாதவருக்கு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்தின் திட்ட இயக்குநர் அல்லது தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் கெஜட்டட் அதிகாரி தரும் சான்றிதழை வைத்தே ஆதார் தரவேண்டும். அந்த எண்ணில் இவர் பாலியல் தொழிலாளி என்று காட்டும் எந்தக் குறியீடும் இருக்கக் கூடாது.

இதில் ஒரு எச்சரிக்கை. ஒருவருக்கு வேறு வழியில் சான்று கிடைக்கும் என்றால் அந்த வழியிலேயே எடுங்கள். எங்கேயோ ஒரு அலுவலகத்தில் பெயர் இருப்பதற்குப் பயப்படுகிறவரின் பயம் நியாயமானது.

பணம் சேர்க்க ஒரு வழி இருப்பதும் முக்கியம். துர்பார் 1995இல் உஷா என்ற கூட்டுறவுச் சங்கத்தைப் பதிவு செய்யப் போனபோது, உறுப்பினர்கள் நல்லொழுக்கம் உள்ளவர்களாக இருக்க வேண்டும் என்ற விதி குறுக்கே நின்றது. இல்லத்தரசிகள் என்று எழுதிக்கொடுத்தால் வேலை முடிந்துவிடும் என்று அதிகாரிகள் வழி சொன்னார்கள். பெண்கள் மறுத்துவிட்டார்கள். கடைசியில் பாலியல் தொழிலாளர்கள் என்றே பதிவானது. உங்கள் ஊரில் கூட்டுறவுச் சங்கம் உடனே முடியாது என்றால் மாதச் சீட்டு போலச் சிறிதாகத் தொடங்கலாம். கந்துவட்டிக்காரரிடமிருந்து ஒரு பெண் வெளியே வந்தால் அவர் போலீசுக்குப் பயப்படுவதும் பாதி குறையும்.

படி 5: ராத்திரிக் குழு

சங்கம் உண்மையில் இருக்கிறதா என்று தெரிவது ரெய்டு நடக்கும் இரவில்தான். முன்கூட்டியே இவற்றைத் தயார் செய்துவையுங்கள்: முறைவைத்து எப்போதும் போன் எடுக்கும் மூன்று பேர், ராத்திரியில் வரச் சம்மதித்த ஒரு வக்கீல், மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் எண். 15100 என்பது தேசிய சட்ட உதவி எண். 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் எந்தப் பெண்ணுக்கும் இலவச வக்கீல் பெற உரிமை உண்டு. இதைத் தெரிந்துவைத்திருப்பவர்கள் ஆச்சரியப்படும் அளவுக்குக் குறைவு.

ரெய்டில் பார்க்க வேண்டியவை: இந்தச் சட்டத்தின் பிரிவு 15இன்படி வாரண்ட் இல்லாமல் சோதனை போட எல்லா போலீஸ்காரருக்கும் அதிகாரம் இல்லை. அதற்கென நியமிக்கப்பட்ட சிறப்புக் காவல் அதிகாரிக்கு அல்லது கடத்தல் தடுப்பு அதிகாரிக்குத்தான் உண்டு. குறைந்தது இரண்டு பெண் போலீசார் கூட வரவேண்டும். அந்தப் பகுதியில் வசிக்கும் இரண்டு பேரைச் சாட்சிக்கு அழைக்க வேண்டும், அதில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும் (அந்தப் பெண் மட்டும் வேறு பகுதியைச் சேர்ந்தவராகவும் இருக்கலாம்). நடைமுறையில் எல்லா ரெய்டுக்கும் ஒரே ‘சாட்சிகள்’ வருவதைப் பார்ப்பீர்கள். பெயர்களைக் குறித்துவையுங்கள், விசாரணையில் உதவும்.

வாசலில் நின்று சட்டம் பேசிச் சண்டை போட வேண்டாம். யார் வந்தார்கள், எத்தனை மணிக்கு, எந்த வண்டி, எதை எடுத்தார்கள், என்ன வார்த்தை சொன்னார்கள் என்று மனதில் பதியவைத்துக்கொண்டால் போதும். வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போடக் கூடாது. கைதுக்கான காரணத்தைச் சொல்லவும், வீட்டாருக்கோ வேண்டியவருக்கோ தகவல் தரவும் போலீஸ் கடமைப்பட்டது. பணம், நகை, போன் எடுத்தால் பட்டியல் கேளுங்கள்.

‘ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டுப் போம்மா’ என்பது நல்லெண்ணத்தில் வரும் ஆலோசனை போலவே இருக்கும். மறுநாள் வேலைக்குப் போகவேண்டும், பிள்ளை வீட்டில் தனியாக இருக்கிறது, அதனால் பலர் ஒத்துக்கொள்வார்கள். அதைத் தவறு என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் ஒத்துக்கொள்வது தண்டனையாகப் பதிவாகும், அடுத்த முறை தண்டனை கூடும் என்பதை வக்கீல் அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். முடிவு அவருடையது.

காப்பகத்துக்கு அனுப்பப்பட்டால் வேலை அங்கேயே தொடங்குகிறது. வயதுச் சான்று, விருப்பக் கடிதம், மேல்முறையீட்டு மனு எல்லாம் அந்த வாரத்திலேயே தயாராக வேண்டும். இதற்குத் தமிழ்நாட்டில் பழைய வரலாறு உண்டு. 1986இல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்று சென்னையில் கண்டுபிடிக்கப்பட்டது. டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் நிர்மலா என்ற மருத்துவ மாணவி சேகரித்த ரத்த மாதிரிகளில்தான் அது தெரிந்தது. மாதிரிகள் கொடுத்தவர்களில் இதே சட்டத்தில் அடைக்கப்பட்டிருந்த பெண்களும் இருந்தார்கள். தொற்று உள்ளது என்று தெரிந்த பெண்களைக் காவல் காலம் முடிந்த பிறகும் உள்ளேயே வைத்தார்கள். உயர் நீதிமன்றத்துக்குப் போய்த்தான் வெளியே கொண்டுவர வேண்டியிருந்தது. நோயைக் கண்டுபிடித்த கதை எல்லோருக்கும் தெரியும், இந்தப் பாதி தெரியாது.

படி 6: எழுதிவையுங்கள்

நடந்த ஒவ்வொரு சம்பவத்துக்கும் ஒரு பக்கம். தேதி, இடம், என்ன நடந்தது, யார் செய்தது, என்ன கேட்டார்கள், மருத்துவம் பார்க்கப்பட்டதா. பாதிக்கப்பட்டவர் பெயருக்குப் பதில் எண் போடுங்கள். பெயரும் எண்ணும் உள்ள பட்டியல் தனியாக, வேறு இடத்தில் இருக்கட்டும். மாமூல் பற்றியும் எழுதுங்கள். தனித்தனியாகக் கேட்டால் புலம்பலாகத் தெரிவது, இருபது பக்கம் சேர்ந்ததும் எந்தச் சரகத்தில், எந்தக் கிழமையில், யார் என்று காட்டிக்கொடுக்கும்.

கூடவே தகவல் உரிமைச் சட்டம். பத்து ரூபாய்க் கட்டணத்தில் உங்கள் மாவட்டத்தில் கடந்த மூன்று ஆண்டுகளில் எந்தப் பிரிவில் எத்தனை வழக்கு, எத்தனை பேர் புரோக்கர்கள், எத்தனை பேர் பெண்கள், எத்தனை தண்டனை என்று கேளுங்கள். காப்பகக் கணக்கெடுப்பு நடந்ததா என்றும் கேளுங்கள். மனுவைத் துணை நிற்பவர் ஒருவர் தன் பெயரில் போடட்டும், ஏனென்றால் பதில் தபாலில் வரும்.

மனித உரிமை ஆணையத்துக்குப் போவதாக இருந்தால் சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள் புகார் கொடுத்தாக வேண்டும்.

படி 7: பதிவும் பணமும்

சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் ஏழு பேர் இருந்தால் பதிவு செய்யலாம். அந்த ஏழு பேரின் பெயரும் முகவரியும் ஆவணத்தில் வரும், அதனால் வெளிப்படையாக இருக்கத் தயாரானவர்கள் மட்டும் கையெழுத்திடட்டும். அவசரம் வேண்டாம், பதிவு இல்லாமலும் முதல் ஆறு படிகளைச் செய்யலாம்.

நிதி தருகிறவரின் நிபந்தனைகளைப் படியுங்கள். பாலியல் தொழிலை எதிர்ப்பதாக உறுதி தந்தால்தான் எய்ட்ஸ் நிதி என்று அமெரிக்க அரசு நிபந்தனை விதித்தபோது, சாங்லியின் சங்ராம் அந்தப் பணத்தை வேண்டாம் என்றது.

படி 8: எதிர்ப்பவர்களோடு பேசுங்கள்

எதிர்ப்பு முழுவதும் ஒழுக்கவாதிகளிடமிருந்து வருவதில்லை. இடதுசாரி மாதர் அமைப்புகள், தலித் அமைப்புகள், திராவிட இயக்கத்தார் பலர் இதை உழைப்பு என்று ஏற்க மறுக்கிறார்கள். தமிழ்நாட்டில் அதற்கு ஆழமான காரணம் இருக்கிறது. பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிட்டுத் தேவதாசிகளாக்கும் பொட்டுக்கட்டும் வழக்கத்துக்கு எதிராக டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்தில் போராடியதும், அந்தச் சமூகத்திலேயே பிறந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகப் பேசியதும், 1947இல் சட்டம் வந்ததும் அவர்களுடைய பெருமைக்குரிய வரலாறு. அவர்களிடம் போய் ‘தேர்வு, சுதந்திரம்’ என்று மட்டும் பேசினால், சாதியால் இந்தத் தொழிலில் தள்ளப்பட்டவர்களை மறந்துவிட்டீர்களா என்று கேட்பார்கள். கேட்பது நியாயம்தான்.

நான் பார்த்தவரை வேலை செய்யும் பேச்சு இது: யாரும் பிறப்பால் தள்ளப்படக் கூடாது என்பதில் நாமும் உடன்படுகிறோம். இன்று தொழிலில் இருப்பவரைச் சிறையில் வைப்பதால் யாரும் மீள்கிறார்களா? தண்டனை பெற்றவருக்கு வேறு வேலை கிடைக்குமா? விலக விரும்புகிறவருக்கு வழியும், இருக்கிறவருக்குப் பாதுகாப்பும் ஒரே நேரத்தில் கேட்கலாம். முழு உடன்பாடு வராது. காப்பக விடுவிப்பு, பிரிவு 8, பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கை போன்றவற்றில் சேர்ந்து கையெழுத்திடுவார்கள், அதுவே பெரிய விஷயம்.

சிறுமிகள் விஷயத்தில் சங்கத்துக்குச் சொந்தமாக ஒரு நடைமுறை இருக்க வேண்டும். சோனாகாச்சியில் துர்பார் சுயஒழுங்கு வாரியங்கள் அமைத்து, புதிதாக வருகிறவரோடு பேசி, வயது குறைந்தவரா, வற்புறுத்தப்பட்டவரா என்று பார்க்கிறது. புதிய ஆள் வந்தது முதலில் தெரிவது தொழிலில் இருப்பவர்களுக்குத்தான், போலீசுக்கு அல்ல. 18 வயதுக்குக் கீழே என்று தெரிந்தால் போக்சோ சட்டப்படி தகவல் தருவது கட்டாயம். இதில் சங்கம் ஒருமுறை கண்ணை மூடினாலும் மீதி எல்லா வேலையும் போச்சு.

படி 9: பத்திரிகை

ரெய்டு செய்தியில் முகம் தெரியும்படி படம் வந்தால் ஆசிரியருக்கும் பிரஸ் கவுன்சிலுக்கும் 2022 உத்தரவைக் காட்டி எழுதுங்கள். ரகசியமாகப் படமெடுத்து வெளியிட்டால் பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 77இன் கீழ் புகார் கொடுக்க முடியுமா என்று வக்கீலிடம் கேளுங்கள். பேட்டிக்கு ஒருவர் தயார் என்றால், எந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல மாட்டார் என்பதை முன்னாலேயே சொல்லிவிடட்டும். ‘எப்படி இந்தத் தொழிலுக்கு வந்தீங்க’ என்பது நிச்சயம் வரும். ‘அதை விடுங்க, எங்க ஏரியா ஸ்டேஷன்ல என்ன நடக்குதுன்னு கேளுங்க’ என்று திருப்பிவிடுவது நல்ல பயிற்சி.

படி 10: சட்டத் திருத்தம்

இப்போது டெல்லி. என்ன மாதிரிச் சட்டம் வேண்டும் என்பதில் குழுவுக்குள்ளேயே தெளிவு வேண்டும், ஏனென்றால் மூன்று வேறு வேறு விஷயங்களை ஒன்றாகக் குழப்புவார்கள்.

உரிமம் கொடுத்து அரசு கட்டுப்படுத்தும் முறையில், உரிமம் வாங்க முடியாதவர் மீண்டும் குற்றவாளி. ஏழைகளும் புலம்பெயர்ந்தவர்களும்தான் அந்தப் பக்கம் விழுவார்கள். 1999இல் ஸ்வீடன் கொண்டுவந்த முறையில் வாங்குகிறவர் மட்டும் குற்றவாளி. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் கஸ்டமர் பயந்தால் இருட்டான இடத்துக்குத்தான் கூப்பிடுவார், பேரம் பேசி ஆளை எடைபோட நேரம் இருக்காது என்று அங்குள்ள தொழிலாளர் அமைப்புகள் எதிர்க்கின்றன.

மூன்றாவது குற்றநீக்கம். நியூசிலாந்தில் 1987இல் தொடங்கிய பாலியல் தொழிலாளர் அமைப்பு பதினாறு வருடம் வேலை செய்து, 2003 ஜூனில் 60க்கு 59 என்ற வாக்கில் சட்டம் நிறைவேறியது. ஒருவர் வாக்களிக்கவில்லை. நான்கு பேர் வரை சேர்ந்து, யாரும் முதலாளியாக இல்லாமல், ஒரே இடத்தில் தொழில் செய்ய அங்கே சான்றிதழ் வேண்டாம். நம் பிரிவு 3ஐ இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதிலும் குறை உண்டு: தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

நம் நாட்டில் 2006இல் ஒரு திருத்த மசோதா வந்தது. பிரிவு 8ஐயும் 20ஐயும் நீக்குகிறோம் என்றது, பதிலுக்குக் கஸ்டமரைத் தண்டிக்கும் பிரிவைச் சேர்த்தது. பாலியல் தொழிலாளர் அமைப்புகள் எதிர்த்தன, மக்களவையின் காலம் முடிந்ததும் அது காலாவதியானது. பாதி நல்லது பாதி கெட்டது என்று மசோதா வரும்போது என்ன நிலை எடுப்பது என்று இப்போதே பேசி வையுங்கள். என் கருத்தில் எதிர்த்தது சரி.

‘சட்டத்தை ரத்து செய்’ என்று ஒற்றை வரியில் கேட்பதைவிட, பிரிவு 2இல் ‘பரஸ்பர ஆதாயம்’ என்பதை நீக்கு, பிரிவு 4இலிருந்து குடும்பத்தாரை விலக்கு, பிரிவு 7, 8, 20ஐ எடு, பிரிவு 17இல் வயது வந்தவரின் சம்மதம் இல்லாமல் காப்பகம் கூடாது என்று எழுது என்று கேளுங்கள். எம்.பி.யின் உதவியாளர் அதைக் குறித்துக்கொள்ள முடியும்.

நாடாளுமன்றம் அசையும்வரை மாநிலத்திடம் கேட்க நிறைய இருக்கிறது, ஏனென்றால் போலீஸ் மாநிலத்தின் கையில். தெருவில் நிற்பவர் மீது பிரிவு 8ஐப் போடுவதற்கு முன் மேலதிகாரி அனுமதி வேண்டும் என்று டி.ஜி.பி. சுற்றறிக்கை விடலாம். காப்பகக் கணக்கெடுப்பை வெளியிடலாம். பிரிவு 13 சிறப்புக் காவல் அதிகாரிக்கு ஆலோசனை சொல்ல ஐந்து பேர் வரை கொண்ட குழுவுக்கு இடம் தருகிறது. அப்படி ஒரு குழு உங்கள் பகுதியில் இருக்கிறதா, இருந்தால் அதில் யார், ஒரு பாலியல் தொழிலாளியையும் சேர்ப்பீர்களா என்று உள்துறைக்கு ஒரு மனு எழுதுங்கள். படி 6இல் சேர்த்த பக்கங்களைப் பெயர் நீக்கி இணைப்பாக வையுங்கள். மனுவின் நகல் உங்கள் எம்.எல்.ஏ.வுக்கும் மாநில மகளிர் ஆணையத்துக்கும் அதே நாளில் போகட்டும்.